கீழ்ப்புள்ளி: அரபுத்தமிழ் எழுத்தின் வடிவ நுட்பம்

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் பழைய இல்லங்களில் துணி சுற்றிய நூல்கள் இன்றும் பேணப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் இளைஞர் பலர், அரபு நூல் என்று கருதிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடிவிடுகின்றனர். நிதானமாக எழுத்துக் கூட்டினால், உள்ளே இருப்பது தம் பாட்டிமார் பேசிய தமிழே என்பது விளங்கும். அர்வி எனவும் வழங்கும் இவ்வரபுத்தமிழின் இலக்கிய, சமய வரலாற்றை அறிஞர்கள் விரிவாக ஆய்ந்துள்ளனர். தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட ஆங்கிலப் பெருநூல் அவற்றுள் தலையாயது. நாம் இங்கே இதனை ஒரு வடிவமைப்பாக மட்டும் நோக்குகிறோம். ஒரு வடிவம் எச்சிக்கலை, யாருக்காக, எத்துணைச் சிறிய மாற்றத்தால் தீர்த்தது என்று இன்றைய வரைகலைஞர் கேட்பர். அக்கேள்விக்கு இதனினும் நல்ல சான்று நம்மிடம் இல்லை.

தமிழெழுத்து அறியாதவர்கள் கண்ட மாற்றுவழியே இது என்று கூறுவோர் உளர். இக்கூற்று பொருந்தாது. உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர் கீழக்கரை. தமிழ்க் காப்பியத்தைப் போற்றி வளர்த்த ஊருக்குத் தமிழெழுத்து அயலானதன்று. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இதயத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லையும் நாயைக் குறிக்கும் அரபுச் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டுமே ‘கல்பு’ என்றே வரும். முன்னதன் முதலெழுத்து காஃப், பின்னதன் முதலெழுத்து காஃபினின்று வேறான மற்றொரு ககரம். துஆக்களும் மார்க்கச் சட்டச் சொற்களும் வரிக்கு வரி கலந்து வரும் நூலில் இம்மயக்கம் சிறு பிழையாகாது. மறுபுறம், அரபெழுத்தில் தமிழை எழுதப் புகுந்தால் பகரம் இல்லை. டகரம், ணகரம், ளகரம் இல்லை. எகர ஒகரங்களுக்குக் குறியும் இல்லை.

நம் முன்னோர் கண்ட தீர்வு ஒரு புள்ளி. ஃபே என்னும் எழுத்தின் மேற்புள்ளியை அப்படியே விட்டு, கீழே ஒரு புள்ளி இட்டனர், பகரம் பிறந்தது. தாலின் கீழ் இட்டால் டகரம். நூனின் கீழ் இட்டால் ணகரம். ளகரத்துக்கு அவர்கள் தேர்ந்த தாய் எழுத்து ளாத். ‘ரமளான்’, ‘ஒளு’ என்று நாம் ஒலிப்பதை நினைத்தால், அத்தேர்வு காதிலிருந்து வந்தது என்பது தெளிவாகும். ஒவ்வொன்றிலும் மூல எழுத்தின் உருவம் சிதையவில்லை. புதிய ஒலி பழைய ஒலிக்கு உறவு என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. பாரசீகர் பகரத்துக்குப் பேயின் கீழ் மூன்று புள்ளி இட்டனர். மலாய் ஜாவி எழுத்திலோ ஃபேயின் மேல் மூன்று புள்ளி. மலபாரின் அரபுமலையாளம் நம் கீழ்ப்புள்ளியோடு ஒத்துச் செல்கிறது. இதில் யார் யாரைப் பின்பற்றினர் என்ற வாதம் நமக்கு இங்கே வேண்டியதில்லை.

புள்ளியிடுதல் அரபெழுத்துக்கு அயலான உத்தியும் அன்று. அரபியர் அல்லாதார் இஸ்லாத்தில் இணைந்தபோது ஓதலில் பிழை நேராதிருக்கவே, அபுல் அஸ்வத் அத்துஅலீ முதலானோர் புள்ளிகளை முறைப்படுத்தினர் என்பது மரபு. அதே தேவைக்கு அதே கருவியை நம் கடற்கரை ஆலிம்கள் நீட்டித்தனர்.

இங்கே ஓர் ஒப்பீடு சுவையானது. தமிழிலும் புள்ளி உண்டு. தொல்காப்பியம் அதை மெய்க்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் உரியதாகச் சொல்கிறது. ஆயினும் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆதலால் எழுதுவோர் புள்ளியைக் கைவிட்டனர். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் நின்றன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அம்மயக்கத்தைத் தீர்த்தபோது புள்ளியை நாடவில்லை. எழுத்தின் உருவையே மாற்றினார். அரபுத்தமிழோ தாளையும் நாணற்பேனாவையும் நம்பியது. அங்கே புள்ளியே மிக எளிய வினை. எழுதுபொருள் எதைத் தாங்கும் என்று அறிந்து செய்த வடிவம் இது.

பயன் யாருக்கு? முதன்மையாகப் பெண்களுக்கு. குர்ஆன் ஓதக் கற்ற சிறுமி, இன்னும் சில எழுத்துகளைப் பழகினால் தாய்மொழியில் சட்ட நூலும் வரலாறும் படிக்கலாம். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) எழுதிய ‘மகானி’ அவ்வாறே அடுக்களை வரை சென்றது. கல்லச்சு இதற்குப் பெருந்துணை. எழுதுவோரின் கையெழுத்தே கல்லில் பதிவதால், புது எழுத்துகளுக்கு ஈய அச்சு வார்க்கும் செலவு இல்லை.

குறையையும் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டுத் தமிழருக்கு இந்நூல்கள் பூட்டிய அறையாகவே இருந்தன. நம் இலக்கியத்தின் ஒரு பெரும்பகுதி தமிழ் இலக்கிய வரலாறுகளில் இடம்பெறாமற் போனதற்கு இது ஒரு காரணம். 20ஆம் நூற்றாண்டில் நம் பெண்மக்கள் பள்ளி சென்று தமிழெழுத்தைக் கற்றதும், எவருக்காக இவ்வடிவம் அமைந்ததோ அவ்வாசகியே வேறு வாசலுக்குச் சென்றுவிட்டாள். அதை நாம் இழப்பென்று புலம்பவில்லை. ஆனால் நூல்களும் அவளோடு செல்லவில்லை; பெரும்பாலானவை தமிழெழுத்துக்கு மாற்றப்படாமலே செல்லரிக்கின்றன. கீழ்ப்புள்ளி பெற்ற ஃபேயும் தாலும் நூனும் இன்று ஒருங்குறியில் தத்தம் எண்களோடு உள்ளன. தட்டச்சுக்குத் தடையில்லை. எழுத்துக் கூட்டி வாசித்துப் பிழை திருத்தவல்ல முதியோர்தாம் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.