“உக்காருங்க”: ஓர் ஏவலும் ஒரு கோட்பாடும்

ஏவல் என்றாலே அதிகாரம்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்தவரிடம் “உக்காருங்க” என்று சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனி நூலாகக் கொண்டுவந்த மரியாதைக் கோட்பாடு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. கேட்பவருக்கு நன்மையான ஏவலைச் சுற்றிவளைக்காமல் சொல்வதுதான் பண்பு. வரவேற்பிலும் உபசரிப்பிலும் தயக்கம் காட்டினால் அதுவே அவமரியாதையாகிவிடும்.

அந்தக் கோட்பாட்டுக்கான தரவுகள் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலிருந்து வந்தவை. தமிழ்த் தரவு கொங்கு வட்டாரத்தின் அன்றைய கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் திரட்டப்பட்டது. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஒரு கோட்பாட்டில் கொங்குப் பேச்சுக்கு இவ்வளவு பங்கு இருப்பதைத் தமிழ்நாட்டில் பலரும் கவனித்ததில்லை.

லெவின்சன் பின்னாளில் நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரானார். அவர் பணியாற்றிய ஊரின் மொழியில் ஒருவரை உட்காரச் சொல்வது எப்படி? நண்பரிடம் “ஹா சிட்டன்”. அறிமுகமில்லாத முதியவரிடம் “ஹாட் யூ சிட்டன்”. ‘யூ’ என்பது ‘நீங்கள்’, நெருங்கியவர்களுக்கு ‘யே’. “ஹாட் யூ மார் சிட்டன்” என்று நடுவே ‘மார்’ சேர்த்தால் கட்டளை தளர்ந்து, “உக்காந்துக்குங்க” என்ற நம் அனுமதித் தொனி வந்துவிடும். ‘ஏவன்’ சேர்த்தால் “சித்த உக்காருங்க” என்பதற்கு வெகு அருகில் நிற்கும். 1960களுக்குப் பின் அங்கே ‘யே’ பெருகி ‘யூ’ சுருங்கிவருகிறது. மேலதிகாரியையே ‘யே’ என்று அழைக்கும் அலுவலகங்கள் உண்டு. ஆகவே பேசுபவர் எதிரே இருப்பவரின் முகம் பார்த்து ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இடைவெளி எவ்வளவு, அதிகாரம் யார் கையில், கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பிரவுனும் லெவின்சனும் போடும் கணக்கு டச்சு மொழிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

கொங்கில் பொருந்துகிறதா? பாதிதான் என்று சொல்ல வேண்டும்.

“உக்காருங்க” என்பதிலுள்ள ‘ங்க’ தமிழ்நாடு முழுவதும் வழங்குவது. ஆனால் “ஆமாங்க”, “பொங்கலூருங்க”, “பஸ் போயிருச்சுங்க” என்று எதைச் சொன்னாலும் அதை ஒட்டிவைப்பதில் கொங்குக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. போன பஸ்ஸுக்கு மரியாதை எதற்கு? மரியாதை கேட்டுக்கொண்டிருப்பவருக்கு. வினை, பெயர், இடைச்சொல் என்று எதிலும் ஏறிக்கொள்ளும் இந்த ஒட்டைச் சலுகை வேண்டிச் சொல்லும் உத்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. எதையும் வேண்டாத வாக்கியத்திலும் அது இருக்கிறது. சொல்லாமல் விட்டால்தான் சேதி. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியர் பிரித்து வைத்தார். கொங்கில் அந்த வழக்கு கிட்டத்தட்ட இலக்கணமாகவே இறுகிவிட்டது.

1980களின் இறுதியில் யோஷிகோ மட்சுமோட்டோவும் சச்சிகோ இடேவும் ஜப்பானிய மொழியை வைத்து இதே மறுப்பை எழுப்பினார்கள். மரியாதை என்பது தனிமனிதர் தேர்ந்தெடுக்கும் உத்தி மட்டுமல்ல, சமூகத்தில் தன் இடத்தை அறிந்து பேசும் கட்டாயமும்கூட என்பது அவர்கள் வாதம். அதற்கு ஜப்பான்வரை போயிருக்கத் தேவையில்லை. கோட்பாட்டுக்குத் தரவு தந்த ஊர்ப்பேச்சிலேயே மறுப்பும் இருந்தது. சாதிப்படிநிலை பேச்சில் எப்படிப் படிகிறது என்று லெவின்சனே 1982இல் தனிக்கட்டுரை எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கணக்குப் போடும் பேச்சு கொங்கில் இல்லாமலும் இல்லை. தாராபுரம் பஸ்ஸில் மூவர் இருக்கையில் இருவர் இருந்தால், ஏறியவர் “நான் உக்காரலாமா” என்று கேட்பது அபூர்வம். “இங்க ஆரும் வர்றாங்களா?” என்பார். டச்சு ரயிலிலும் “இந்த இடம் காலியா” என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியும் இடத்தைப் பற்றியவை, கேள்வி கேட்கும் ஆளின் விருப்பத்தைப் பற்றியவை அல்ல. “இல்லீங்க, உக்காருங்க” என்று பதில் வந்ததும் சன்னலோரத்தவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். இங்கே கோட்பாடு பிசகாமல் வேலை செய்கிறது. காரணம், டிக்கெட் எடுத்த எல்லாருக்கும் இருக்கையில் சம உரிமை.

அந்த உரிமை இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதுதான் கொங்கின் கசப்பான பகுதி. தோட்டத்து வேலைக்கு வந்த தலித் முதியவரை, பண்ணை வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்த காலம் நெடுங்காலம். முதியவர் திரும்பச் சொன்னது ‘ங்க’வோடுதான். டீக்கடை பெஞ்சு எல்லாருக்கும் பொது என்று 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் சொன்ன பிறகும் பல ஊர்களில் அவர் நின்றபடியோ தரையில் குந்தியபடியோதான் டீ குடித்தார். அவருக்கு ஏவல் வினை கிடைக்கவில்லை என்பதல்ல சிக்கல். “போ”, “வா”, “தூக்கு” எல்லாம் கிடைத்தன. “உக்காரு” மட்டும் கிடைக்கவில்லை. ஒருமையா பன்மையா என்று அளக்கும் எந்தக் கோட்பாடும் சொல்லப்படாத இந்த ஏவலை அளக்காது.

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் இந்த ஏற்பாட்டைக் கணிசமாகக் குலைத்தது என்று சொல்லலாம். பனியன் கம்பெனியில் டெய்லருக்கு மிஷினோடு இருக்கையும் உண்டு. அங்கே அமர்வதைத் தீர்மானிப்பது வேலை. ஆனால் அதே வேலை வேறொரு வகுப்பு நின்றுகொண்டே இருக்கவும் காரணமாகிறது. துணிக்கடைகளில் வாடிக்கையாளரைப் பார்த்து நாள் முழுக்க “வாங்க, உக்காருங்க” என்று சொன்ன பெண்களுக்கு உட்கார ஸ்டூல்கூட இருந்ததில்லை. கேரளம் 2018இல் வழிகாட்ட, தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நின்றபடி வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர இருக்கை வேண்டும் என்பது தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே இருந்தது. செக்கிங் மேசையருகே நிற்கும் பெண்ணிடம் அந்த ஏவலைச் சொல்ல வேண்டியவர் இன்று சூப்பர்வைசர். அவர் ‘ங்க’ போட்டுச் சொல்கிறாரா என்பது அதற்கு அடுத்த கேள்வி.