சத்யம் கணக்கு மோசடி

ஹைதராபாத்தில் 1987-இல் பி. ராமலிங்க ராஜு தோற்றுவித்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீஸஸ் என்னும் மென்பொருள் ஸ்தாபனத்தின் ஏடுகளில் பல்லாண்டுகளாக நடந்துவந்து, 2009 ஜனவரி 7-ஆம் தேதி அவரே எழுதிய கடிதத்தால் அம்பலமான புரட்டு இது.

இயக்குநர் சபைக்கு விடுத்த அக்கடிதத்தின்படி, 2008 செப்டம்பர் இறுதியில் ஐந்தொகையில் ரொக்கமும் வங்கியிருப்புமாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி ஏட்டுச் சுரைக்காயே. பிறவாத அப்பணத்துக்கு 376 கோடி ரூபாய் வட்டியும் வரவு வைக்கப்பட்டிருந்தது. 1,230 கோடி ரூபாய்க் கடனோ ஏட்டிலேயே ஏறவில்லை. அக்காலாண்டில் 649 கோடி என அறிவித்த செயல்பாட்டு லாபம் உண்மையில் 61 கோடிதான். தொடக்கத்தில் சிறிதாயிருந்த இடைவெளி ஆண்டுதோறும் பெருகி, புலிமேல் ஏறியவன் இறங்க வகையறியாத நிலைக்குத் தம்மைக் கொண்டுவந்துவிட்டதாக ராஜு வருந்தியிருந்தார். முந்திய டிசம்பர் 16-ஆம் தேதி, தம் குடும்பத்தாரின் மேட்டாஸ் கம்பெனிகள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்கி, இல்லாத பணத்தின் இடத்தை இருக்கும் சொத்தால் நிரப்ப அவர் முயன்றதையும், முதலீட்டாளரின் சீற்றங்கண்டு சில மணி நேரத்திலேயே அதைக் கைவிட்டதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். (சத்யம் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பி வாசித்தால் வருவதே மேட்டாஸ்; சத்தியத்தைத் தலைகீழாக்குவதில் அக்குடும்பத்துக்கு அத்தனை பிரியம்!)

மோசடியின் உபாயம் மிக எளியது. சி.பி.ஐ. கண்ட 7,561 போலி இன்வாய்ஸ்களுக்குக் கணினியில் ‘ஹெச்’ என்ற குறியிட்டு, வேலையை நேரில் அறிந்த பிரிவினர் கண்ணில் படாமலும், வருமானக் கணக்கில் மட்டும் சேருமாறும் செய்தனர். அவற்றுக்கு ஈடாகப் பணம் வந்ததென்று காட்டப் போலி வங்கி அறிக்கைகளும் வைப்பு ரசீதுகளும் தயாராயின. கணக்கில் வேறெதையும் மதிப்பிடுவது கடினமாயிருக்கலாம். வங்கியிருப்போ, தணிக்கையாளர் வங்கிக்கு நேரே ஒரு கடிதம் எழுதினால் தெரிந்துவிடும் விஷயம். புகழ்பெற்ற பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தார் கம்பெனியின் கைவழியே வந்த காகிதத்தை நம்பிக் கையொப்பமிட்டனர் என்பதே இவ்விவகாரத்தில் மன்னிக்க முடியாத பகுதி.

தாம் ஒரு ரூபாயும் எடுத்துக்கொள்ளவில்லை என்ற ராஜுவின் வாதம் எடுபடவில்லை. பொய்க்கணக்கால் உயர்ந்த விலையில் பங்குகளை அடகு வைத்துக் கடன் பெறுவதும் ஆதாயமன்றோ! மத்திய சர்க்கார் பழைய சபையைக் கலைத்து, சென்னைத் தணிக்கையாளர் டி. என். மனோகரன் உள்ளிட்டோரை நியமித்தது. ஏப்ரலில் கம்பெனி டெக் மஹிந்திரா வசமாயிற்று. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் மோசடிக்குப் பத்தாண்டு வரை சிறையை விதித்ததோடு, கணக்கின் நேர்மைக்கு இயக்குநர்கள் எழுத்து மூலம் பொறுப்பேற்கவும் கட்டளையிடுகிறது.

2015 ஏப்ரல் 9-ஆம் தேதி ஹைதராபாத் தனி நீதிமன்றம் ராஜு உட்பட பத்துப் பேரைக் குற்றவாளிகளெனக் கண்டு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. மறு மாதமே, மேல்முறையீட்டின்பேரில், தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு அவர் ஜாமீனில் வெளிவந்தார்.