வெளியிட உடற்பயிற்சிக் கருவிகள்

வெளியிட உடற்பயிற்சிக் கருவிகள் என்பன வீட்டு முற்றம், கொல்லை, மொட்டை மாடி, பூங்கா போன்ற திறந்த இடங்களில் நிறுவிப் பயன்படுத்தப்படும் உடற்பயிற்சிக் கருவிகள் ஆகும். சிங்கிள் பார் எனப்படும் ஒற்றைக் கம்பி, டபுள் பார் எனப்படும் இணைக் கம்பிகள், பெஞ்ச், பார்பெல், டம்பெல், கர்லாக்கட்டை முதலியன இவற்றுள் அடங்கும். வீட்டினுள் தனி அறை ஒதுக்க இயலாதவர்களுக்கு இம்முறை ஏற்றது. எனினும் மழை, வெயில், ஈரப்பதம் ஆகியவற்றால் இக்கருவிகள் பழுதடைகின்றன. பழுது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே தொடங்குவதால், பயிற்சியின்போது கருவி முறிந்து காயம் ஏற்படலாம். ஆகவே இவற்றைப் பராமரிப்பது பொருளை மட்டுமன்றிப் பயில்பவரையும் காப்பதாகும்.

வரலாறு

தமிழகத்தில் உடற்பயிற்சி நெடுங்காலம் திறந்தவெளியிலேயே நடைபெற்றது. தென் மாவட்டச் சிற்றூர்களில் இளைஞர்கள் தூக்கிப் பழகிய இளவட்டக்கல் ஊர்ப் பொதுவிடங்களில் கிடந்தது. சிலம்பக் களங்களில் மரத்தாலான கர்லாக்கட்டைகள் பயன்பட்டன. கல்லுக்குப் பாதுகாப்பு தேவைப்படவில்லை. மரத்தைக் கரையானிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் காத்தால் போதுமானதாக இருந்தது. இரும்புக் கருவிகள் பரவிய பின்னரே துரு ஒரு சிக்கலாயிற்று.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1968 இல் வனப்பாதையை ஒட்டி உடற்பயிற்சி நிலையங்கள் அமைக்கப்பட்டன. உக்ரைனின் கீவ் நகரில், நீப்பர் ஆற்றுத் தீவொன்றில், 1970களில் பழைய இரும்பைக் கொண்டு ஒரு பெரிய திறந்தவெளிக் கூடம் உருவானது. சீனா 1995 இல் தேசிய உடற்தகுதித் திட்டத்தைத் தொடங்கிய பின் அந்நாட்டுக் குடியிருப்புகளில் இத்தகைய கருவிகள் பெருகின. தமிழ்நாடு அரசு 2016 இல் ஊராட்சிகளில் பூங்காக்களையும் உடற்பயிற்சிக் கூடங்களையும் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது.

தட்பவெப்பமும் துருவும்

இரும்பு, நீர், ஆக்சிசன் ஆகிய மூன்றும் சேரும்போது துரு உண்டாகிறது. மழைநீர் விரைவில் வடிந்து உலர்ந்துவிட்டால் பாதிப்பு குறைவு. ஈரம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே முதன்மையான காரணி. கடற்காற்றிலுள்ள உப்பு துருவை மேலும் விரைவுபடுத்தும். துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் மேலுள்ள பெயின்ட் உப்பி உரிகிறது. எனவே பெயின்ட்டில் தோன்றும் சிறு கொப்புளம் உள்ளே துரு பரவியிருப்பதன் அறிகுறியாகும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையருகே உள்ள திருத்தணியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான இவ்வூர் கடற்கரையிலிருந்து 70 கிலோமீட்டருக்கும் அப்பால் அமைந்துள்ளது. ஆகவே சென்னைக் கடற்கரைப் பகுதிகளில் காணப்படும் உப்புக்காற்றுச் சிக்கல் இங்கு மிகக் குறைவு. ஆனால் கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பம் அடிக்கடி பதிவாகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இப்பகுதிக்கு மழை தருகின்றன. எனவே இங்கு வெயில் ரப்பரையும் மெத்தையையும் சிதைக்க, மழைக்காலம் இரும்பைத் தாக்குகிறது.

கருவிகளைத் தெரிதல்

* சூடான உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த எஃகுக் குழாய்கள் வெளியிடத்துக்கு ஏற்றவை. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது.
* வெல்டிங் செய்யுமிடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும். அவ்விடத்தில் துத்தநாகம் மிகுந்த பிரைமர் பூச வேண்டும்.
* கடலோர ஊர்களில் 304 வகைத் துருவேறா எஃகைவிட, மாலிப்டினம் கலந்த 316 வகை உப்பை நன்கு தாங்கும்.
* நடைப்பயிற்சி இயந்திரம் போன்ற மின்னணுக் கருவிகள் வெளியிடத்துக்கு ஏற்றவையல்ல.
* பிளாத்திக்கு உறையிட்ட கம்பிவடங்களில் உறையினுள் புகும் நீர் வெளியேறாது. வடம் உள்ளேயே துருப்பிடித்து முன்னறிவிப்பின்றி அறுந்து போகலாம்.

நிறுவுதல்

கருவி நிற்கும் தரை, நீர் தேங்காமல் ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவிலாவது சரிந்திருக்க வேண்டும். தூணின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மண்ணுக்குள் இருக்குமாறு கான்கிரீட்டில் பதிப்பது எளிய நடைமுறையாகும். சான்றாக, தரைக்கு மேல் 8 அடி உயரம் வேண்டுமெனில் 3 அடி ஆழம் பதிக்கலாம். தளர்ந்த மண்ணில் ஆழமும் அகலமும் கூடுதலாகத் தேவைப்படும். கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்கள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். அது முழு வலிமை பெற ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும். அதற்கு முன் கம்பியில் தொங்குவது அடித்தளத்தைத் தளர்த்தும்.

தூண் தரையைத் தொடும் இடமே மிக விரைவில் துருப்பிடிக்கும். அங்கு கான்கிரீட்டைத் தரைமட்டத்துக்குச் சற்று மேலே எழுப்பி, நீர் வெளிப்புறம் வழியுமாறு சரிவாக முடிக்க வேண்டும். குழாய்களின் மேல்முனைகளை மூடாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும், குளவிகளும் கூடு கட்டும். மொட்டை மாடியில் எடைகளை நிறுவுவதற்கு முன் கட்டடப் பொறியாளரைக் கலந்துகொள்வது நன்று.

மூடிப் பாதுகாத்தல்

கருவியைத் தார்ப்பாயால் இறுகச் சுற்றிக் கட்டுவது பலரும் செய்யும் தவறாகும். பகலில் தரையிலிருந்து எழும் நீராவி, இரவில் குளிர்ந்த இரும்பின்மேல் பனித்துளியாகப் படிகிறது. காற்றோட்டம் இல்லாததால் அது உலர்வதில்லை. மழையில் நனைந்து வெயிலில் உலரும் கருவியைவிட இவ்வாறு மூடப்பட்ட கருவி விரைவில் கெடக்கூடும். பக்கங்கள் திறந்த கூரையே சிறந்தது. தார்ப்பாய் மட்டுமே இயலுமெனில், அடிப்பகுதியில் இடைவெளி விட்டு, மழை ஓய்ந்ததும் அகற்றிவிட வேண்டும்.

தகரக் கூரையைப் புயற்காற்று தூக்கிச் செல்லாதவாறு தூண்களுடன் போல்ட்டால் பிணைத்தல் அவசியம். 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரை கடந்த வர்தா புயல் பல கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. எடைத்தட்டுகளை மண்ணில் வைக்காமல் தாங்கியில் மாட்ட வேண்டும். டம்பெல், பார்பெல் போன்றவற்றைப் பயிற்சி முடிந்ததும் வீட்டினுள் எடுத்துச் செல்வது துருவிலிருந்தும் திருட்டிலிருந்தும் காக்கும்.

பராமரிப்பும் சோதனையும்

* பயிற்சிக்குப் பின் வியர்வையைத் துடைத்தல். வியர்வையிலும் உப்பு உண்டு.
* மாதம் ஒருமுறை நட்டு, போல்ட்டுகளை இறுக்குதல், பார்பெல் தண்டில் மெல்லிய எண்ணெய் தடவுதல்.
* துருப்பிடித்த பகுதியை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, காய்ந்தபின் எனாமல் பெயின்ட் அடித்தல். துருவின் மேலேயே பெயின்ட் அடிப்பது அதை மறைக்குமேயன்றி நிறுத்தாது.
* பருவமழைக்கு முன்னும் பின்னும் வெல்டிங் இணைப்புகளையும் தூணின் அடிப்பகுதியையும் ஆராய்தல். திருப்புளியால் குத்தும்போது இரும்பு அமிழ்ந்தால் கருவியைப் பயன்படுத்தலாகாது.

பயிற்சியின்போது கவனிக்க வேண்டியவை

தொங்குவதற்கு முன் கால்களைத் தரையில் ஊன்றியபடி உடல் எடையின் ஒரு பகுதியை மட்டும் கம்பியில் ஏற்றிப் பார்ப்பது நல்ல வழக்கமாகும். நண்பகல் வெயிலில் இரும்பு கையைச் சுடும் அளவுக்குச் சூடேறுவதால் காலையோ மாலையோ பயில்வது ஏற்றது. ஈரமான கம்பியில் பிடி வழுக்கும். இடி மின்னலின்போது திறந்தவெளியில் பயிற்சி செய்தல் கூடாது. சிறுவர்கள் பயன்படுத்தக்கூடிய கருவியாயின் இச்சோதனைகளைப் பெரியவர் ஒருவரே செய்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* இளவட்டக்கல்
* கர்லாக்கட்டை
* துரு
* திருத்தணி