விமானத்தில் துண்டு போட்ட காலம்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கிக்கொள்ளலாம். மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

பஸ் நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தது உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். மீதிப் பாதிப் பேர் அந்தத் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தவர்கள். ஏறக்குறைய இதே ஏற்பாடு அமெரிக்காவின் மிகப் பெரிய விமான நிறுவனங்களில் ஒன்றில் 50 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தது. சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் என்று பெயர். பயணச்சீட்டில் இருக்கை எண் இருக்காது. முதலில் ஏறுபவர் பிடித்த இடத்தில் உட்காரலாம். 2026 ஜனவரி 27ஆம் தேதியோடு அந்த வழக்கம் முடிந்துபோனது.

டெக்சாஸ்காரர்கள் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். "சார், அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடுகிறேன், சீட்டுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?" என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிட்டால் வரலாற்றை ஒருவரும் படிக்க மாட்டீர்கள். ஆகவே பதில் கடைசியில்.

பாடத்துக்கு வருவோம்.

இருக்கை எண் இல்லாத விமானப் பயணத்தை சவுத்வெஸ்ட் கண்டுபிடிக்கவில்லை. 1961 ஏப்ரல் 30 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் என்ற நிறுவனம் நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் நகரங்களுக்கு இடையே 'ஷட்டில்' சேவை தொடங்கியது. முன்பதிவு கிடையாது. நேராக வந்து ஏறலாம். காசை விமானத்துக்குள்ளேயே வாங்கிக்கொண்டார்கள், நம் டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி. கூட்டம் அதிகமாகி ஒரே ஒருவர் மிஞ்சினாலும் அவருக்காக இன்னொரு விமானத்தை எடுப்போம் என்று வாக்குறுதி கொடுத்தார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் விமானங்களின் கட்டணத்தை அரசு வாரியம்தான் தீர்மானித்தது. நிறுவனங்கள் விலையில் போட்டி போட முடியாது, வசதியில்தான் போட்டி போட முடியும். அதனால் இப்படிப்பட்ட ஆடம்பரமான வாக்குறுதிகள் சாத்தியமாயின.

சவுத்வெஸ்ட் அந்த வாரியத்தின் பிடியிலிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரே மாநிலத்துக்குள் பறந்தால் மத்திய வாரியம் தலையிட முடியாது அல்லவா? டெக்சாஸின் டல்லாஸ், ஹூஸ்டன், சான் ஆன்டோனியோ ஆகிய மூன்று ஊர்களுக்குள் மட்டும் பறப்பது என்று ரோலின் கிங் என்பவரும் ஹெர்ப் கெல்லெஹர் என்ற வழக்கறிஞரும் திட்டம் போட்டார்கள். ஏற்கெனவே அந்த வழித்தடங்களில் இருந்த நிறுவனங்கள் கோர்ட்டுக்கு இழுத்தன. 1967இல் பதிவான நிறுவனம், வழக்குகளைத் தாண்டி 1971 ஜூன் 18 அன்றுதான் முதல் விமானத்தை ஓட்டியது. ஒரு வழிக் கட்டணம் 20 டாலர்.

அடுத்த ஆண்டே பணமுடை வந்தது. கையில் இருந்தவை நான்கு போயிங் 737 விமானங்கள். ஒன்றை விற்றுத்தான் சம்பளம் போட வேண்டிய நிலை. ஆனால் நான்கு விமானங்களுக்கான கால அட்டவணையைக் குறைக்க மனமில்லை. மூன்றை வைத்து நான்கின் வேலையை எப்படிச் செய்வது? தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்தால் செய்யலாம். வந்து நின்ற விமானம் பத்தே நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பயணிகள் இறங்கி, பெட்டிகள் இறங்கி, புதிய பயணிகள் ஏறி, கதவை மூட மொத்தம் பத்து நிமிடம்.

இருக்கை எண் இல்லாத முறை கைகொடுத்தது இங்கேதான். "இது என் சீட்டு" என்ற தகராறு இல்லை. 14ஆம் வரிசையைத் தேடி நடப்பவர் இல்லை. காலியாக இருக்கும் இடத்தில் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். தாமதமாகப் போனால் நடு இருக்கைதான் மிஞ்சும் என்பதால் எல்லாரும் வாசலில் முன்கூட்டியே வந்து நிற்பார்கள். நிறுவனத்துக்கு ஒரு வேலையும் இல்லை. வரிசையைப் பயணிகளே பார்த்துக்கொண்டார்கள்.

இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'எல்லாரும் சமம், வந்தவருக்கு முதலிடம்' என்பது கேட்க அழகாக இருக்கிறது. பயணிகளுக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அதன் வேர் மூன்று விமானங்களை வைத்து நான்கின் வேலையைச் செய்ய வேண்டிய நெருக்கடியில் இருந்தது. நேரம் மிச்சமான வரைக்கும் இருக்கை இலவசம்.

இதில் அறிவியலும் உண்டு. ஜேசன் ஸ்டெஃபன் என்ற இயற்பியலாளர், பயணிகளை எந்த வரிசையில் ஏற்றினால் விமானம் விரைவாக நிறையும் என்று 2008இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பிறகு 72 பேரை வைத்து மாதிரி விமானம் ஒன்றில் சோதித்தும் பார்த்தார். பின்வரிசைகளைக் கும்பல் கும்பலாக முதலில் ஏற்றுவதுதான் சரி என்று நமக்குத் தோன்றும். சோதனையில் அதைவிட, ஒழுங்கே இல்லாமல் கலந்து ஏற்றியது வேகமாக முடிந்தது. காரணம் எளிது. பக்கத்துப் பக்கத்து வரிசைக்காரர்கள் ஒரே நேரத்தில் பெட்டியைத் தூக்கினால் ஒருவர் முட்டி இன்னொருவர் மேல் படும். கலந்து ஏறினால் ஆளுக்கொரு மூலையில் வேலை நடக்கும். நம் பிரேயர் மைதானத்திலிருந்து வகுப்புக்குப் போகும்போது ஒரே படிக்கட்டில் எல்லாரும் முட்டிக்கொள்வீர்களே, அதே கணக்குதான்.

இருக்கை எண் இல்லை என்றாலும் ஏறுவதற்கு ஒரு வரிசை வேண்டும். ஆரம்பத்தில் எண் போட்ட பிளாஸ்டிக் அட்டைகளைக் கொடுத்தார்கள். முதலில் வந்தவருக்கு 1. ஏறும்போது அட்டையைத் திரும்ப வாங்கி அடுத்த விமானத்துக்குப் பயன்படுத்துவார்கள். 2000களின் தொடக்கம் வரை அந்த அட்டைகள் இருந்தன. பிறகு ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள் வந்தன. அந்தந்தப் பிரிவின் வரிசையில் ஜனங்கள் ஒரு மணி நேரம் முன்பே தரையில் பெட்டியை வைத்துக் காவல் இருந்தார்கள். 2007இல் ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 60 வரை எண் கொடுத்ததும் தரையில் உட்காரும் தொல்லை ஒழிந்தது. அதற்குப் பதிலாக, பயணத்துக்கு 24 மணி நேரம் முன்பு இணையத்தில் யார் முதலில் பொத்தானை அழுத்துவது என்ற பந்தயம் தீவிரமானது. அலாரம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

உள்ளே போனதும் நம் ஊர் வேலைகள் எல்லாம் அங்கேயும் நடந்தன. பக்கத்து இருக்கையில் பையை வைத்து "ஆள் வருகிறார்" என்பது. தும்முவது போல நடித்து நடு இருக்கையைக் காலியாக வைப்பது. சக்கர நாற்காலி கேட்டவர்களை முதலில் ஏற்றுவார்கள் என்பதால், ஏறும்போது சக்கர நாற்காலியில் வந்து இறங்கும்போது விறுவிறுவென்று நடந்து போனவர்களும் இருந்தார்கள். நடுவானில் அதிசயம் நடந்து குணமாகிவிட்டதாக அமெரிக்கர்கள் கேலி செய்தார்கள். உண்மையிலேயே நடக்க முடியாதவர்கள் இந்தக் கேலியால் எவ்வளவு கூசியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2009இல் ஒரு மாற்றம் நடந்தது. பத்து டாலர் கொடுத்தால் அலாரம் வைக்க வேண்டாம், நல்ல எண்ணை நாங்களே எடுத்துத் தருகிறோம் என்றது நிறுவனம். 2013இல், 40 டாலர் கொடுத்தால் முதல் 15 பேரில் ஒருவராக ஏறலாம், அதுவும் அந்த இடங்கள் மிச்சம் இருந்தால், என்றது. இருக்கையை விற்கவில்லை, வரிசையில் இடத்தைத்தான் விற்றார்கள். என்னைக் கேட்டால் பழைய முறையின் முடிவு அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது. முன்பு சீக்கிரம் வருபவன் முந்தினான். இப்போது காசு உள்ளவன் முந்தினான். பெயர் மட்டும் அதே பெயர்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்திலும் இதே நடந்தது. சவுத்வெஸ்டைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அயர்லாந்தின் ரயன்ஏர், பிரிட்டனின் ஈஸிஜெட் இரண்டும் இருக்கை எண் இல்லாமல்தான் ஓட்டின. ஈஸிஜெட் 2012இலும் ரயன்ஏர் 2014இலும் எண் கொடுக்கத் தொடங்கின. பயணிகள் மகிழ்ந்தார்கள். தள்ளுமுள்ளு போனது உண்மை. ஆனால் எண் வந்ததும் எண்ணுக்கு விலையும் வந்தது. பணம் கட்டாதவர்களுக்குக் கணினி தன் இஷ்டத்துக்கு இடம் ஒதுக்கும். பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, பணம் கட்டாமல் சேர்ந்து பயணித்த குழுக்களில் 18 சதவீதம் பிரித்து உட்கார வைக்கப்பட்டன. ரயன்ஏரில் மட்டும் அது 35 சதவீதம். மூன்றில் ஒன்றுக்கும் மேல்!

சவுத்வெஸ்டின் கடைசி அத்தியாயம் சுருக்கமானது. 2024 ஜூனில் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் அதன் பங்குகளைப் பெருமளவில் வாங்கி, லாபத்தைக் கூட்டச் சொல்லி நெருக்கியது. ஜூலையில் நிறுவனம் இருக்கை எண் முறைக்கு மாறுவதாக அறிவித்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் 80 சதவீதம் பேர் எண் உள்ள இருக்கையைத்தான் விரும்புகிறார்கள் என்றது. பொய் என்று நான் சொல்லவில்லை. குழந்தையோடு போகிறவர்களும் வயதானவர்களும் ஓட்டப்பந்தயத்தை விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் கால் நீட்ட வசதியான இடம், முன்வரிசை, சாதாரண இடம் என்று பிரித்து விலை வைக்கவும் அதுவே வாய்ப்பு. பத்து நிமிடக் கணக்கைவிட அந்தக் கணக்கு பெரியதாகிவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2003இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கானை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 'சூரரைப் போற்று' பார்த்திருப்பீர்கள். அவர் வாழ்க்கையைத் தழுவிய படம் அது. ஏர் டெக்கானிலும் இருக்கை எண் கிடையாது. கதவு திறந்ததும் ஓடிப் போய் ஏற வேண்டும். வேட்டி மடித்துக் கட்டியவரும் டை கட்டியவரும் ஒன்றாக ஓடிய காலம். அந்த நிறுவனம் பிறகு கிங்ஃபிஷரோடு இணைந்து மறைந்துபோனது.

2013இல் நம் அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், விருப்ப இருக்கைக்குத் தனிக் கட்டணம் வாங்க நிறுவனங்களை அனுமதித்தது. 2018 நவம்பரில் இண்டிகோ, இணையத்தில் முன்கூட்டியே இருக்கை எடுத்தால் எல்லா இருக்கைக்கும் கட்டணம் என்று அறிவித்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. விமான நிலையக் கவுண்டரில் இலவசமாகவே ஒதுக்குவோம் என்று விளக்கம் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் இயக்குநரகம் ஓர் உத்தரவு போட்டது: 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பி.என்.ஆர். எண்ணில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்தில் இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

குழந்தைகளுக்கு விதி வந்துவிட்டது. பெரியவர்களுக்கு? சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் துணைவியாரும் ஒரு மலிவு விமானத்தில் வடக்கே போனோம். அவருக்கு அதுதான் முதல் விமானம். எனக்கு ஏழாவது வரிசை, அவருக்கு இருபத்து மூன்றாவது. தமிழ் தவிர வேறு மொழி தெரியாது, சர்க்கரை மாத்திரை என் பையில். பணிப்பெண்ணிடம் கேட்டேன். "கதவு மூடியதும் பார்க்கிறேன், ஐயா" என்றார். அதற்குள் என் பக்கத்தில் ஓர இருக்கைக்குப் பணம் கட்டி உட்கார்ந்திருந்த ஒரு வடநாட்டுப் பையன், விஷயம் புரிந்ததும் எழுந்து பின்னால் நடு இருக்கைக்குப் போய்விட்டான். அவன் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு பயணியின் நல்ல மனசை நம்பி நடக்கும் ஏற்பாட்டை ஏற்பாடு என்று சொல்ல முடியுமா? பிரித்து உட்கார வைத்தது ஒருவர், சேர்த்து வைத்த செலவு இன்னொருவருக்கு.

நான் வரலாற்று ஆசிரியன். சலுகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அது எப்போது போகும் என்றும் தெரியும் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வியாபாரக் கணக்கில் வந்த சலுகை கணக்கு மாறினால் போய்விடும். சவுத்வெஸ்ட் வாடிக்கையாளர்கள் பாதி நூற்றாண்டு நேசித்த வழக்கம் ஓர் அறிவிப்பில் போனது. நம் ஊரில் குழந்தைக்குக் கிடைத்த இடம், எழுத்தில் உள்ள உத்தரவால் வந்தது. அதை மாற்ற வேண்டுமானால் அரசே மாற்ற வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

இனி நான் சொன்ன பதில்:

தனியாகப் போகிறீர்கள், இரண்டு மணி நேரப் பயணம் என்றால் பணம் கட்டாதீர்கள். எந்த இடம் கொடுத்தாலும் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் இறங்குவோம்.

12 வயது வரையுள்ள குழந்தையோடு போனால், எல்லாருக்கும் ஒரே பி.என்.ஆரில் பதிவு செய்யுங்கள். பிரித்துக் கொடுத்தால் 2024 உத்தரவைச் சொல்லிக் கவுண்டரிலேயே கேளுங்கள். கெஞ்ச வேண்டாம், அது உரிமை.

வயதான அம்மா அப்பாவை அனுப்புகிறீர்கள், அவர்களுக்கு மொழி தெரியாது, உடம்பு சரியில்லை என்றால் கட்டிவிடுங்கள். டிக்கெட் விலையோடு அதையும் சேர்த்துப் பார்த்து எந்த விமானம் மலிவு என்று முடிவு செய்யுங்கள். அவர்களிடம் தொகையைச் சொல்லாதீர்கள், வேண்டாம் என்பார்கள்.

ஓர இருக்கையில் உட்கார்ந்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று. யாராவது ஒரு பெரியம்மா கையில் போர்டிங் பாஸை வைத்துக்கொண்டு பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தால், என்ன வேண்டும் என்று கேளுங்கள். விதி வரும் வரை அவருக்கு நீங்கள்தான் விதி.

உங்கள் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.