முன்கட்டணச் செல்பேசி தொலைந்தால்: ஜாதவ்பூரை முன்வைத்து ஒரு வரலாறு

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, கொல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து தில்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்பேசி உரையாடல் அது. அதன் பிந்தைய வரலாறு பெரும்பாலும் கட்டணம் சரிந்த வரலாறாகவே எழுதப்படுகிறது. அதற்கு இணையாக இன்னொரு வரலாறும் உண்டு: ஓர் எண் யாருடையது என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? கருவி கையில் இருக்கும்வரை இக்கேள்வி எழுவதில்லை. தொலைந்த அன்றுதான் எழுகிறது.

கம்பிவழித் தொலைபேசிக்கு முகவரி இன்றியமையாதது. மாதந்தோறும் வரும் கட்டணச் சீட்டே பல அலுவலகங்களில் முகவரிச் சான்றாகவும் ஏற்கப்பட்டது. முன்கட்டண முறை இந்த உறவைத் தலைகீழாக்கியது. பணம் முதலிலேயே செலுத்தப்பட்டுவிடுவதால் நிறுவனம் வாடிக்கையாளரை நம்ப வேண்டியதில்லை; நம்பத் தேவையில்லாதபோது அவரை அறியவும் தேவையில்லை. 1995இல் போர்ச்சுகலில் அறிமுகமான இம்முறை, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இந்தியாவிலும் பரவியது. 2003 மே முதல் உள்வரும் அழைப்புகள் இலவசமானதும், சிறுதொகை ரீசார்ஜிலேயே ஓர் எண்ணைத் தக்கவைக்க முடிந்தது. பின்னாளில் நாட்டின் இணைப்புகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் முன்கட்டண இணைப்புகளாயின. ஆனால் கட்டணச் சீட்டு வராத இணைப்பில், உரிமையைக் காட்டும் தாளும் இல்லை.

இம்முறை ஏன் வேரூன்றியது என்பதற்கு ஜாதவ்பூர் நல்ல சான்று. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள், போர்க்காலத்தில் கைவிடப்பட்ட இராணுவ முகாமில் விஜயகர் குடியிருப்பை உருவாக்கினர். அதைச் சுற்றி ஆசாத்கர், பாகாஜதீன் போன்ற குடியிருப்புகள் எழுந்தன. குடியேறி வாழ்ந்த நிலத்துக்கு முறையான பத்திரம் பெற இவர்களில் பலர் பல பத்தாண்டுகள் காத்திருந்தனர். 1955இல் பல்கலைக்கழகம் உருவான பின் வெளிமாவட்ட, வெளிமாநில மாணவர்களும் விடுதிகளுக்கும் ‘மெஸ்’ வீடுகளுக்கும் வந்து சேர்ந்தனர். சியால்தா தெற்குப் பிரிவு ரயில்களில் தெற்கு 24 பர்கானாவிலிருந்து வீட்டுவேலைக்கு வரும் பெண்களுக்கும் ஜாதவ்பூர் நிலையம் அன்றாட இறங்குமிடமானது. தாள்களோடு இழுபறி உறவு கொண்ட இத்தகைய மக்களுக்கு, முகவரியை வற்புறுத்தாத இணைப்பு பெரும் வசதி. சிம் அட்டை தந்தை பெயரிலோ நண்பர் பெயரிலோ இருப்பதும் அரிதன்று.

அந்த வசதி ஐயத்துக்குரியதாக மாறியது 2008 நவம்பருக்குப் பின். மும்பைத் தாக்குதல் விசாரணையில், போலி ஆவணங்களைக் காட்டிக் கொல்கத்தாவில் சிம் அட்டைகள் வாங்கப்பட்டதாகக் காவல்துறை கூறியது. 2009 நவம்பரில் ஜம்மு-காஷ்மீரில் முன்கட்டண இணைப்புகள் தடைசெய்யப்பட்டன; 2010 ஜனவரியில் தடை நீங்கியது. செல்லுபடியாகும் ஐ.எம்.இ.ஐ. எண் இல்லாத கருவிகள் 2009 இறுதியில் நாடெங்கும் முடக்கப்பட்டன. 2012 ஏப்ரலில் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் வாடிக்கையாளர் சரிபார்ப்பை ஆராய்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன. 2017இல் ஆதார் இணைப்பு வற்புறுத்தப்பட்டது; 2018 செப்டம்பர் தீர்ப்பு அதைச் செல்லாததாக்கியது. பத்தாண்டுக்குள் முன்கட்டண எண், பெயரற்ற நிலையிலிருந்து அடையாளத்தின் மையத்துக்கு நகர்ந்துவிட்டது. வங்கிக் கணக்கும் கல்வி உதவித்தொகையும் அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யை நம்பியே இயங்கலாயின.

இப்பின்னணியில்தான் தொலைத்தவரின் அலைச்சலைப் புரிந்துகொள்ள வேண்டும். முதலில் காவல் நிலையம். அங்கே பொது நாட்குறிப்பில் ஒரு பதிவு, அதற்கு ஒரு ஜி.டி. எண். நாட்குறிப்பு வைக்கும் கடமை 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே உள்ளது. மாவட்டக் காவலின் கீழிருந்த ஜாதவ்பூர் காவல் நிலையம் 2011 செப்டம்பரில் கொல்கத்தா காவலுக்கு மாறியபோதும் அப்பதிவேடு மாறவில்லை. அடுத்து நிறுவனத்தின் கடை. கடைசியாகச் செய்த ரீசார்ஜ் எவ்வளவு, அடிக்கடி அழைத்த எண்கள் எவை என்ற கேள்விகள் அங்கே எழும். அந்த எண்களோ தொலைந்த கருவியில் இருக்கின்றன. உரிமங்கள் வட்டவாரியாக வழங்கப்பட்டதால் மாற்று சிம் பெரும்பாலும் சொந்த வட்டத்தில்தான் கிடைத்தது. தமிழ்நாட்டு எண்ணோடு ஜாதவ்பூரில் படிக்கும் மாணவர் ஒருவருக்கு இதன் பொருள் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ரயில் பயணம்.

2023 மே மாதத்தில் சஞ்சார் சாத்தி தளம் நாடு முழுமைக்கும் வந்தபின், தொலைந்த கருவியை ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு முடக்க முடிகிறது. இது உண்மையான முன்னேற்றம். எனினும் விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. தேவை. அதைப் பெற மாற்று சிம் தேவை. மாற்று சிம்மில் குறுஞ்செய்தி வசதி செயல்படவோ 24 மணி நேரம் ஆகும். சிம் மாற்று மோசடியைத் தடுக்க வகுக்கப்பட்ட இக்காத்திருப்பு நியாயமானதே. ஆனால் அந்த ஒரு நாளில் உரிமையாளருக்கும் திருடனுக்கும் ஒரே ஐயப் பார்வைதான் கிடைக்கிறது.

இச்சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. வீட்டில் இன்னொரு கருவியும், தன் பெயரிலேயே இணைப்பும், கடைக்கும் காவல் நிலையத்துக்கும் செல்ல விடுப்பும் உள்ளவருக்கு இது இரண்டு நாள் தொல்லை. வேறொருவர் பெயரில் எண் வைத்திருக்கும் வீட்டுப் பணியாளருக்கு இது கூலி இழப்பு; சில வேளை எண்ணையே இழப்பது. முகவரி கேட்காமல் மக்களைச் சேர்த்துக்கொண்ட ஒரு முறை, பின்னர் முகவரியைக் கேட்டே அவர்களை அளக்கத் தொடங்கியது. எண்ணின் உரிமையை மெய்ப்பிக்கத் தாளும் ஓ.டி.பி.யும் அல்லாத எளிய வழி, முதன்முதலில் அந்த வாசல் வழியே உள்ளே வந்தவர்களுக்கு இன்னும் அமைக்கப்படவில்லை.