கேரல் எந்தத் தெருவுக்கு வரும்? கிறிஸ்துமஸ் காலமும் ஆங்கிலிக்கன் மரபுச் சேகரங்களில் சாதியும்

கிறிஸ்தவத்தைத் தழுவிய தலித்தைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்பது 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வகுத்த விதி. அதன் மூன்றாம் பத்தி முதலில் இந்துக்களை மட்டுமே பட்டியலுக்குள் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றுவரை வெளியே நிற்கின்றனர். மதம் மாறியவரைச் சாதி தொடர்ந்து செல்வதில்லை என்ற அனுமானம் இவ்விதிக்கு அடியில் இருக்கிறது. அந்த அனுமானத்தைச் சோதித்துப் பார்க்க நீண்ட ஆய்வு எதுவும் தேவையில்லை. ஒரு சேகரத்தின் டிசம்பர் மாதத்தைக் கூர்ந்து நோக்கினால் போதும்.

தமிழ்நாட்டில் ஆங்கிலிக்கன் திருச்சபை என்ற பெயர் இன்று பெரும்பாலும் வழக்கில் இல்லை. எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். ஆகிய இங்கிலாந்து மிஷன் சங்கங்கள் உருவாக்கிய சபைகள், 1947 செப்டம்பர் 27 அன்று மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினருடன் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயின. எனினும் திருநெல்வேலி, தூத்துக்குடி, தஞ்சாவூர், இராமநாதபுரம் வட்டாரங்களில் அந்த மரபின் அமைப்பு அப்படியே நீடிக்கிறது. பல சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம், சேகரங்கள் சேர்ந்தது திருமண்டலம், மேலே பேராயர். சங்கக் காணிக்கை செலுத்தும் உறுப்பினருக்கே வாக்குரிமை. சேகரக் கமிட்டியும் பெருமன்றமும் தேர்தல் வழியே அமைகின்றன. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை ஆகியவற்றின் வேலைவாய்ப்புகளும் அவற்றின் கையில் இருப்பதால், சபைத் தேர்தலில் சாதிக் கணக்கு போடப்படுவதை உள்ளூரில் எவரும் மறைப்பதுகூட இல்லை.

இந்த அமைப்பின் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறான அட்வெந்து தொடக்கத்தில் பிறக்கிறது. ஊதா நிறத் துணிகள், வாலிபர் சங்கத்தின் வீடுவீடான கேரல் பவனி, ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளின் நாடகம், கீத ஆராதனை, 25 அதிகாலை ஆராதனை, 31 நள்ளிரவு ஆராதனை, புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை என்று சென்று, ஜனவரி 6 பிரசன்னத் திருநாளுடன் காலம் முடிகிறது. இவை ஒவ்வொன்றிலும் சிறிய முடிவுகள் சில எடுக்கப்பட வேண்டும். பவனி எந்தத் தெருவில் தொடங்கும்? எவர் வீட்டில் தேநீர் அருந்தும்? எவர் வேதபாடம் வாசிப்பார்? எவர் உலை வைப்பார்? சாதி குடியிருப்பது இம்முடிவுகளில்தான் என்பது நம் வாதம்.

ஒரே கிண்ணத்தின் வரலாறு

தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளில் சாதியைப் பற்றிய முதற்பெரும் மோதல் இறையியல் நூல்களைப் பற்றியதாக இருக்கவில்லை; திருவிருந்துக் கிண்ணத்தைப் பற்றியதாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளும், அவர்கள் வழிவந்த தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரி மிஷன்களும் சாதி வேறுபாட்டைச் சமூக வழக்கமாகப் பொறுத்துக்கொண்டன. வேளாளக் கிறிஸ்தவர் ஒரு புறமும் பறையர் கிறிஸ்தவர் மறுபுறமும் அமர்ந்தனர். திருவிருந்தில் முன்னவர் முதலிலும் பின்னவர் பிறகும் பெற்றனர். அச்சபைகள் ஆங்கிலிக்கன் பொறுப்புக்கு வந்தபின் இம்முறை கேள்விக்குள்ளானது. கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் விடுத்த சுற்றறிக்கை, சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிட வேண்டும் என்று ஆணையிட்டது. இருக்கையிலும் திருவிருந்திலும் வேறுபாடு கூடாது என்றது. விளைவாக வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளர் பலர் சபையை விட்டு விலகினர். ஒரே கிண்ணத்தில் பருகுவதைவிட வெளியேறுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. சில ஆண்டுகளில் வந்து சேர்ந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதியிடம் மென்மையாக நடந்துகொண்டதால், விலகியவர்களில் பலருக்கு அது புகலிடமாயிற்று.

இங்கே தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. 1774 முதல் 1864 வரை வாழ்ந்த அவருடைய பாடல்கள் இன்றும் தமிழ்ச் சபைகளில் ஒலிக்கின்றன. திருநாள் காலத்தில் அவரைப் பாடாத கீர்த்தனைக் குழு அரிது. 1820களின் இறுதியில் புதிய மிஷனரிகளுக்கு எதிராக அவர் எழுதிய முறையீடுகளில் நான்கு குறைகள் முன்வைக்கப்பட்டன. வேத மொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள். சுபகாரியங்களில் பூவை விலக்கினார்கள். வழிபாட்டில் தமிழ்ப் பாடல்களை ஒடுக்கினார்கள். திருவிருந்தில் சாதிகளை வலிந்து கலந்தார்கள். முதல் மூன்றும் பண்பாட்டு உரிமைக் குரலாக நமக்குக் கேட்கின்றன. வெள்ளை மிஷனரியின் அதிகாரத்தை எதிர்த்த நியாயம் அவற்றில் உண்டு. ஆனால் நான்காவது அவற்றோடு ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பூவும் தமிழ்ப் பாட்டும் போலவே சாதியும் தமிழ்ப் பண்பாடு என்ற வாதம் அது. தலித் வாசகர் இந்த முடிச்சைக் கவனிக்க வேண்டும். சுதேசித் திருச்சபை என்று பேசப்படும்போதெல்லாம், எந்தச் சாதியின் சுதேசம் என்று கேட்க வேண்டிய தேவை அன்றே தோன்றிவிட்டது.

அடுத்த மோதல் சோற்றில் வந்தது. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு நிறைவேற்றிய தீர்மானம், சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாக, ஒடுக்கப்பட்ட சாதியினர் சமைத்ததை உண்ண ஒப்ப வேண்டும் என்ற சோதனையை வலியுறுத்தியது. லைப்சிக் மிஷனரிகள் அதில் சேரவில்லை. அன்பின் விருந்து என்ற பெயரில் அக்காலத்தில் நடந்த பொது உணவுகள் பலருக்குக் கசப்பான தேர்வாக அமைந்தன. ஞானஸ்நானமும் வேத அறிவும் உடைய உபதேசிகள்கூட ஒரு கவளச் சோற்றின் முன் தடுமாறினர். மிஷனரிகளின் நோக்கம் முழுக்கத் தூயது என்று நாம் சொல்ல வரவில்லை. தம் பங்களாவில் இனப் பாகுபாட்டைப் பேணியவர்களும் அவர்களிடையே இருந்தனர். ஆயினும் சாதி எங்கே வாழ்கிறது என்பதை அவர்கள் சரியாகவே அறிந்திருந்தனர்.

அசனமும் உலையும்

தென்மாவட்டச் சபைகளில் பொது உணவுக்கு அசனம் என்று பெயர். பிரதிஷ்டைப் பண்டிகையிலும் அறுப்பின் பண்டிகையிலும், சில ஊர்களில் கிறிஸ்துமஸ், புத்தாண்டையொட்டியும் அது நடக்கிறது. வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் சேர்த்து, கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டி, ஊரே உண்ணும் விருந்து அது. பிழைக்கச் சென்ற ஊர்களிலிருந்து மக்கள் அதற்கென்றே திரும்பி வருகின்றனர். இதன் அழகை நாம் குறைத்துக் கூற விரும்பவில்லை. தாழ்த்தப்பட்ட ஒரு மக்கள், தமக்கென நிலமும் தெருவும் கோயிலும் பெற்றுத் தலைநிமிர்ந்த வரலாறு அதற்குள் இருக்கிறது. 1799இல் முதலூர் தொடங்கி எழுந்த கிறிஸ்தவக் குடியேற்றங்கள் பலவும், துன்புறுத்தலிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக அமைந்தவை. அவர்களில் பெரும்பாலோர் அன்று கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த சாணார் சமூகத்தினர், இன்றைய நாடார்கள்.

அதே சமூகம் கல்வியாலும் வணிகத்தாலும் உயர்ந்தபின், அதன் சேகரங்களில் உள்ள பள்ளர், பறையர், அருந்ததியர் குடும்பங்கள் அசனத்தில் எங்கே நிற்கின்றன என்பதே இன்றைய கேள்வி. ஒரே பந்தியில் உண்ணும் சபைகள் பல உண்டு. அவற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் சேர்ந்து உண்பது ஒன்று, சமைப்பது வேறொன்று. விறகு பிளக்கவும் இலை எடுக்கவும் அழைக்கப்படுபவர், கரண்டி பிடிக்க அழைக்கப்படுகிறாரா? அசனக் கமிட்டியில் அவர் பெயர் இருக்கிறதா? வசூலில் சமபங்கு கொடுத்தவருக்குச் செலவுக் கணக்கில் கையொப்பமிடும் உரிமை இருக்கிறதா?

இந்தக் கேள்வியை இறையியலாக வளர்த்தெடுத்தவர் ஜே. தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தென்னிந்தியத் திருச்சபைக் குருவானவர், பரட்டை அண்ணன் என்று மாணவர்களால் அழைக்கப்பட்டவர், 2005இல் மறைந்தார். ஓர் உலை என்பது அவருடைய மையக் கருத்து. பல வீட்டு உணவு ஒரே உலையில் கலந்து, அதையே எல்லாரும் உண்ணும்போது சாதியும் வர்க்கமும் ஆணாதிக்கமும் ஒருசேர அசைகின்றன என்று அவர் கண்டார். தமிழ் சீர்திருத்தச் சபைகளின் இசையையும் அவர் இதே கண்ணால் பார்த்தார். மேற்கத்திய மெட்டில் அமைந்த பாமாலை மிஷனரியின் இசை. கர்நாடக மரபில் அமைந்த கீர்த்தனை மேல்சாதியின் இசை. சபையின் பெரும்பான்மையான உழைக்கும் மக்களின் நாட்டுப்புற இசைக்கு இரண்டிலும் இடமில்லை. அவர் அமைத்த கிராமிய இசை வழிபாடு பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தது. சாவு மேளம் என்று இழித்துரைக்கப்பட்ட கருவி ஆலயத்தின் பீடத்துக்கு முன் ஒலித்தபோது சிலர் முகம் சுளித்தனர். வேதநாயக சாஸ்திரியார் கட்டிய முடிச்சை அவிழ்த்தவர் என்று அப்பாவுவை நாம் கொள்ளலாம். தமிழ்ப் பண்பாட்டை அவரும் கோரினார்; ஆனால் சாதியை அதிலிருந்து கழித்துவிட்டுக் கோரினார்.

கீத ஆராதனையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஒன்பது வேதபாடங்களும் கீதங்களும் கொண்ட இவ்வழிபாட்டை 1880 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் பேராயர் பென்சன் நடத்தினார். 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி அதை ஏற்றபின் உலகெங்கும் பரவியது. பாடகர் சிறுவன் முதற்பாடத்தையும் பேராயர் இறுதிப் பாடத்தையும் வாசிப்பது அதன் மரபு. படிநிலை வெளிப்படையாகவே அதில் உண்டு. நம் ஊர்ச் சபைகளில் வாசிப்போர் பட்டியல் தயாராகும்போது, தலைமையாசிரியர், மருத்துவர், பொருளாளர் என்று அது நிரம்பிவிடுகிறது. ஒன்பதில் ஒரு பாடம் துப்புரவுப் பணியாளருக்குக் கிடைத்த சபைகளை நாம் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கேரல் பவனியின் சிக்கல் வேறு வகையானது. காவிரிப் படுகையிலும் வட மாவட்டங்களிலும் கிராமச் சபைகள் பல சேரியில் பிறந்தவை. சபை முழுவதுமே தலித் மக்கள். அங்கே பவனிக்குள் சாதி வேறுபாடு இல்லை. ஆனால் நட்சத்திரமும் மேளமும் ஊர்த்தெருவின் எல்லையை நெருங்கும்போது அது தேர் ஊர்வலத்துக்கு உள்ள அதே தடையைச் சந்திக்கிறது. பல சாதியினர் உள்ள சேகரங்களிலோ பவனி காலனிக்கு வருகிறது, பாடுகிறது, ஜெபிக்கிறது. தேநீர் அருந்தாமல் திரும்பிவிடுகிறது. நேரமில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

டிசம்பர் 25இன் வேறு நினைவுகள்

1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். வெண்மணி அன்றைய தஞ்சை மாவட்டம். வில்சனின் சுற்றறிக்கையை எதிர்த்து வேளாளர் விலகிய மிஷன் களத்தின் மண். அன்றிரவு அம்மாவட்டத்தின் ஆலயங்களில் பூமியில் சமாதானம் என்று பாடப்பட்டிருக்கும். இன்று எத்தனை சேகரங்களின் கிறிஸ்துமஸ் மன்றாட்டில் வெண்மணியின் பெயர் வருகிறது? நவம்பர் இரண்டாம் ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறாக இந்தியத் திருச்சபைகளால் அனுசரிக்கப்படுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அட்வெந்து வருகிறது. அந்த ஞாயிற்றில் கூறியதை அட்வெந்து முழுவதும் தொடர எந்த ஆராதனை முறைமையும் தடையாக இல்லை.

நட்சத்திரம் சாட்சியாகும்போது

வாசல் நட்சத்திரம் தலித் கிறிஸ்தவருக்குச் சட்டச் சிக்கலாகவும் மாறுகிறது. சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு வரும் அலுவலர் சுவரில் சிலுவை உண்டா, ஆலயம் செல்வதுண்டா என்று பார்க்கிறார். கிறிஸ்தவரை மணந்த தலித் மருத்துவர் ஒருவரின் சான்றிதழ் இவ்வாறு இரத்துச் செய்யப்பட்ட வழக்கில், சிலுவை மாட்டியிருப்பதும் ஆலயம் செல்வதும் மட்டுமே மத மாற்றத்துக்குச் சான்றாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கூறி அதை மீட்டளித்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமோ, ஞானஸ்நானமும் தொடர்ந்த ஆலய வழிபாடும் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசமைப்புக்குச் செய்யும் மோசடி என்றது. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. அஞ்சி நட்சத்திரத்தை வீட்டுக்குள் தொங்கவிடும் குடும்பங்களைக் கோழைகள் என்று பிரசங்க பீடத்திலிருந்து கூறுவது எளிது. கூறுபவரின் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை.

1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது ஒன்றே: மதம் மாறிய பின்னும் சாதியின் இழிவு அதே கடுமையுடன் தொடர்வதற்குச் சான்று எங்கே? மனுதாரர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதி திராவிடக் கிறிஸ்தவர். போதிய சான்று இல்லை என்று அவருடைய மனு தள்ளப்பட்டது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டு அதன் காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இவை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது கள ஆதாரம்.

அந்த ஆதாரத்தைத் திரட்டும் பணியில் சபைத் தலைமைகள் தயங்குகின்றன. தம் சபையில் சாதி உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள அவை விரும்புவதில்லை. தீர்மானங்களில் உரிமை கோருகின்றன. ஆண்டறிக்கைகளில் ஒற்றுமை கொண்டாடுகின்றன. எனவே இப்பணி கல்லூரி மாணவர்களிடமும் சபை வாலிபர்களிடமுமே வந்து சேர்கிறது. இந்த டிசம்பரில் உங்கள் சேகரத்தின் கேரல் செல்லும் தெருக்களின் வரிசையையும், அது தேநீர் அருந்திய வீடுகளையும், வேதபாடம் வாசித்தோர் பட்டியலையும், அசனக் கமிட்டிப் பெயர்களையும், சேகரக் கமிட்டியில் தலித் உறுப்பினர் எண்ணிக்கையையும் தேதியிட்டு எழுதிவையுங்கள். தனிமனிதர் பெயர்களை வெளியிட வேண்டியதில்லை. அச்சிட்ட நிகழ்ச்சி நிரல்களைத் தூக்கியெறியாமல் பாதுகாத்தால், பாதி வேலை முடிந்தது.