ஒரே செல்லின் வம்சம்

1845-இல் டென்மார்க் பீர் ஆலைக்காரர் ஜே. சி. யாகப்சன், மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் கொஞ்சம் ஈஸ்ட் வாங்கிக்கொண்டு கோபன்ஹேகனுக்குப் புறப்பட்டார். குளிரில் வேலை செய்யும் ஈஸ்ட் அது. சூட்டில் செத்துவிடக் கூடாதே என்று, குதிரை வண்டி நின்ற இடத்திலெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியே அதைக் கொண்டுவந்து சேர்த்தாராம். 1847-இல் அவர் தொடங்கிய கார்ல்ஸ்பர்க் ஆலையில், நேற்றைய தயிரால் இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, ஒவ்வொரு பீரின் வண்டலும் அடுத்ததற்குப் போயிற்று.

அந்த வண்டலில் என்னென்ன உயிர்கள் கலந்திருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று பீர் கசக்கும், நாற்றமடிக்கும். பாக்டீரியாதான் காரணம் என்று 1876-இல் லூயி பாஸ்டர் எழுதினார். கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சனுக்கு அது போதவில்லை. இளவயதில் வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தவர் அவர். ஈஸ்ட்டிலேயே நல்லதும் உண்டு, பீரைக் கெடுக்கும் காட்டு வகையும் உண்டு என்று கண்டார். அப்படியானால் ஒரே ஒரு செல்லைப் பிரித்து வளர்க்க வேண்டும்.

அவர் செய்த வழியை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஈஸ்ட்டை நீரில் கரைத்து, நுண்ணோக்கியில் செல்களை எண்ணினார். பிறகு, குடுவைக்குச் சராசரியாக அரைச் செல் விழும் அளவுக்கு நீர்க்கச் செய்து, பல குடுவைகளில் பகிர்ந்து ஊற்றினார். அரைச் செல் என்று ஒன்று இல்லை. ஆகவே பாதிக்கு மேற்பட்ட குடுவைகள் வெறுமையாகவே இருக்கும். மிச்சத்தில் பெரும்பாலானவற்றில் ஒரே செல் இருக்கும். குலுக்கி, அசையாமல் வைத்துக் காத்திருந்தார். செல் தங்கிய இடத்தில் வெண்புள்ளி முளைக்கும். ஒரு புள்ளி மட்டும் தோன்றிய குடுவையை எடுத்துக்கொண்டார். இரண்டு தோன்றினால் ஒதுக்கினார்.

1883 நவம்பரில் அந்தத் தூய ஈஸ்ட் ஆலைக்குள் வந்தது. முதலில் தயங்கிய யாகப்சன், பலனைப் பார்த்த பிறகு அதைப் பூட்டிவைக்கவில்லை. கேட்ட ஆலைகளுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். கண்டுபிடிப்பைவிட இந்தக் கொடையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்தக் காலத்து பாட்டில் ஒன்று ஆலையின் பழைய நிலவறையில் கிடைத்தது. அடியில் உயிருள்ள செல்கள் இருந்தன. அவற்றை வளர்த்து 2016-இல் பழைய முறையிலேயே பீர் வடித்தார்கள்.

வடிகட்டாத, சூடாக்கிக் கிருமி நீக்காத பீர் பாட்டிலின் அடியிலும் இதே செல்வம் படிந்திருக்கிறது. அடிலெய்டின் கூப்பர்ஸ் பீரிலிருந்து ஈஸ்ட் எடுத்து வளர்ப்பது ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே பீர் வடிப்பவர்களுக்குப் பழகிய வேலை. பாட்டிலைச் சில நாள் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வைத்து, மேல் பீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிட்டு, பாட்டிலின் வாயைத் தீயில் காட்டுவார்கள். கொதிக்க வைத்து ஆறிய நீர்த்த மால்ட் கரைசலை வண்டலின் மேல் கொஞ்சமாக ஊற்றி மூடிவைப்பார்கள். களைத்துப்போன செல்களுக்கு அடர்ந்த சர்க்கரை ஆகாது. தெம்பு வர வரத்தான் அளவைக் கூட்ட வேண்டும். நல்ல போதையுள்ள பீரின் வண்டலில் உயிர்ச்செல்கள் குறைவாகவே இருக்கும். சில ஆலைகள் புளித்த பீரை வடிகட்டிவிட்டு, பாட்டிலில் அடைக்கும்போது வேறொரு ஈஸ்ட்டைச் சேர்க்கின்றன. அவற்றின் பாட்டில்களில் கிடைப்பது அந்த இரண்டாவது ஈஸ்ட்தான். கரைசல் நுரைத்து அடங்கியதும் முகர்ந்து, ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பார்கள். புளிப்பு தட்டினால் கொட்டிவிட்டு வேறு பாட்டிலைத் திறப்பார்கள்.